தின்கன்ஜூனில் எழுந்தருளிய தங்கக் கூடை

எனக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. பிறவிக் கோளாறு. சிலருக்கு 'ழ' வராது, எனக்கு இந்த ஒரு சொல் வராது. பர்மாக்காரர்கள் இந்த வியாதிக்கு 'அனாதே' என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் மனம் கோணிவிடக் கூடாதே என்று நாமே போய்க் குழியில் இறங்கிக்கொள்வதுதான் அனாதே. மூன்று தலைமுறையாக யாங்கோனில் இருக்கிற எங்கள் குடும்பம் இந்த மண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டவை லோன்ஜி என்கிற கைலி, மொஹிங்கா என்கிற மீன்சாற்று நூடுல்ஸ், அனாதே ஆகிய மூன்றும்தான். முதல் இரண்டால் இதுவரை யாருக்கும் வேலை போனதில்லை.

அப்போது நான் யாங்கோனின் லத்தா பகுதியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் விற்பனையாளன். முதலாளி ஊ தெய்ன் அவுங், சீன வம்சாவளிக்காரர், அறுபது தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். கால்பந்து, பூப்பந்து மட்டை, கேரம் பலகை, பிரம்புப் பந்து எல்லாம் உண்டு. வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. மின்சாரம் இருக்கும் வேளையில் எங்கள் மின்விசிறிக்குக் கீழே நிற்பதற்காகச் சிலர் வருவார்கள். நிற்பதற்குக் கூச்சப்பட்டு ஒரு ஷட்டில்காக் விலை கேட்பார்கள். விசிறி நின்றதும் போய்விடுவார்கள்.

ஒருநாள் முதலாளி டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "கோ மோ சோ, மாசக் கடைசியில கடையை மூடிடலாம்னு இருக்கேன். மாண்டலேயில மக வீட்டோட போயிடறேன்." (கோ மோ சோ என்பது நான்தான். வீட்டிலும் கோயிலிலும் முருகேசன், வெளியில் கோ மோ சோ. இரண்டு பெயர் இருந்தும் ஒன்றுக்கும் உருப்படவில்லை என்பது என் மனைவி செல்வியின் கருத்து.)

 பதினோரு வருட வேலை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வேறு தொழில் எதுவும் தெரியாது. சொல்லப்போனால் இந்தத் தொழிலே தெரியாது. கேரம் பலகைக்குப் பவுடர் போடத் தெரியும்.

அந்த வாரத்தில்தான் கடையின் பேஸ்புக் பக்கத்துக்கு ஒரு சீனக் கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. அவர்கள் சாமானை வைத்து விளையாடுபவர்களுக்கே தெரியாதாம், பிற்பாடு அவர்களே வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் செய்வது டிஸ்க் கால்ஃப் சாமான்கள். கால்ஃப் மாதிரிதான், ஆனால் பந்துக்குப் பதில் கையால் எறிகிற பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில் ஒரு கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை, அதற்கு மேல் சரம்சரமாகத் தொங்கும் சங்கிலிகள். தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும்.

எழுதியவர் மிஸ் லின். மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம்.

"உங்கள் நகரத்தில் டிஸ்க் கால்ஃப் விளையாடுகிறார்களா?"

ஒரு பெண்பிள்ளை எவ்வளவு ஆசையாகக் கேட்கிறாள். எப்படி 'இல்லை' என்பது? "ஆமாம்" என்றேன்.

"மகிழ்ச்சி! எத்தனை பேர்?"

"நாற்பது."

"மைதானம் இருக்கிறதா? எத்தனை கூடைகள்?"

"ஒன்பது." (பர்மாவில் ஒன்பது ராசியான எண். பொய் சொன்னாலும் ராசி பார்த்துச் சொன்னேன்.)

"நீங்கள் விளையாடுவீர்களா?"

"நான்கு வருடமாக."

மிஸ் லின் பதிலுக்கு ஒரு பூ, ஒரு கைகுலுக்கல், மூன்று கண்ணீர் முகங்கள் அனுப்பினாள். பர்மாவுக்கு ஏஜென்சி கொடுக்கத் தயார் என்றாள். நான் முதலாளியிடம் ஓடினேன். அவர், "ஏஜென்சி கையெழுத்தாகட்டும், கடையை மூடல. நீயே பாத்துக்கோ," என்றார். அவ்வளவுதான். என் பிழைப்பு ஒரு பிளாஸ்டிக் தட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது.

மாதிரிக்கு ஒரு கூடையும் பன்னிரண்டு தட்டுகளும் அனுப்புவதாகச் சொல்லி, கூடைக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். சிவப்பு, நீலம், தங்கம். தங்க நிறம் கிடைக்கும்போது இந்த ஊரில் எவன் நீலத்தைக் கேட்பான்? தங்கம் என்றேன். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் எடுத்த முடிவுகளில் இது தலையாயது.

சாமான் வந்து சேர்ந்த அன்றே மிஸ் லின்னிடமிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. 'ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். உங்கள் மைதானத்தில் நாற்பது வீரர்களோடும் விளையாட ஆவல்.' அன்று புதன்கிழமை. செல்வியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "வேணாம், வராதீங்கன்னு சொல்லிடுங்க," என்றாள்.

"எப்படிச் சொல்றது? டிக்கெட் எடுத்துட்டாளாம்."

"அப்ப நாப்பது பேருக்கு எங்க போவீங்க?"

"உன் தம்பிங்க அஞ்சு பேர் இருக்காங்கல்ல?"

செல்வி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மைதானத்துக்கு எங்கள் தின்கன்ஜூன் அம்மன் கோயிலின் பின்புறத் திடலைப் பிடித்தேன். தீமிதிக்கு மட்டும் பயன்படும், மற்ற நாட்களில் சும்மா கிடக்கும். கோயில் தலைவர் நடராஜண்ணன் தாராளமாக, "பசங்க வெளையாடத்தானே, நட்டுக்கப்பா," என்றார். வியாழன் காலை தங்கக் கூடையை நடுவில் நட்டேன். சுற்றிலும் எட்டு மூங்கில் நட்டு, செல்வியின் துணிக் கூடை உட்பட அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய எட்டுப் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டினேன். பிறகு எறிந்து பழகினேன். தட்டு கையை விட்டதும் நேராகப் போவதுபோல் பாவனை காட்டி, பாதியில் மனம் மாறி இடது பக்கம் போய்விடும். நாள் முழுக்க எறிந்ததில் ஒருமுறைகூடக் கூடையில் விழவில்லை. சாயங்காலம் வெறுத்துப்போய் ஒரு தட்டைக் கையாலேயே கூடைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி காலை திடலுக்குப் போனால், முனையில் மொஹிங்கா விற்கிற டோ ம்யா கூடையின் முன்னால் நிற்கிறார். நான் கிட்டே போவதற்குள் இடுப்பிலிருந்து ஒரு நோட்டை எடுத்து உருட்டிக் கூடைக்குள் எறிந்தார். சங்கிலி 'கிலுங்' என்றது. அந்த அம்மாள் கைகூப்பிக் கண்ணை மூடினார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாங்கோனில் பகோடா என்கிற புத்தர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். உயரத்தில் பாத்திரம் சுற்றிக்கொண்டிருக்கும், கீழே இருந்து காசை எறிவோம், உள்ளே விழுந்தால் நினைத்தது நடக்கும். கோயில் வளாகத்தில், கம்பத்தின் மேல், தங்க நிறத்தில், மணியோசையோடு ஒரு கூடை நின்றால் வேறு எதற்கென்று நினைப்பார்கள்?

கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்தார். "கோ மோ சோ, நீங்க வச்ச தானக் கூடையா? சாது, சாது, நல்ல புண்ணியம். என் மகன் மலேசியாவுல கஷ்டப்படறான். அவனுக்காக வேண்டிக்கிட்டேன்."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? 'அம்மா, இது விளையாட்டுச் சாமான்' என்று சொல்ல வேண்டும். நான் அந்தக் கலங்கிய கண்களைப் பார்த்துக்கொண்டு, "ம்," என்றேன். ஒரே ஒரு 'ம்'. அதற்கு மேல் நான் ஒன்றுமே செய்யவில்லை. மீதியெல்லாம் தானாக நடந்தது.

டிஸ்க் கால்ஃப் தட்டு ஒவ்வொன்றிலும் நான்கு எண்கள் அச்சடித்திருக்கும். எவ்வளவு வேகம், எவ்வளவு மிதக்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கான குறிப்பு. நான் கூடையில் வைத்துவிட்டுப் போன தட்டில் 5, 4, 0, 2 என்று இருந்தது. எங்கள் ஊரில் மறைவாக நடக்கிற இரண்டு எண் லாட்டரி தெரியாத வீடு கிடையாது. டோ ம்யா எட்டிப் பார்த்திருக்கிறார். முதல் இரண்டு எண்ணை வைத்து 54 கட்டியிருக்கிறார். அன்று சாயங்காலமே 54 விழுந்தது.

சனிக்கிழமை நான் போனபோது கூடையைச் சுற்றி, பர்மாக்காரர்கள் புத்தருக்கு வைக்கிற தபியே இலைக் கொத்துகள் செருகியிருந்தன. நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? கம்பத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, மூன்று இடத்தில் குங்குமப் பொட்டு வைத்து, அடியில் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்திருந்தார்கள். வரிசையில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். "அண்ணே, இதைக் கொஞ்சம் எடுத்துடணுமே," என்று நடராஜண்ணனிடம் முனகினேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "முருகேசா, கோயில் கூரைக்கு நாலு வருசமா அலையுறேன். அம்மாவா பாத்து உன் கையால அனுப்பியிருக்கா. எடுத்துடாதப்பா." கும்பிட்ட கையைப் பார்த்து எப்படி முடியாது என்பது?

அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மிஸ் லின்னுக்கு 'வராதே' என்று பதினேழு முறை எழுதினேன். பதினேழு முறையும் அழித்துவிட்டு, 'பயணம் இனிதாகட்டும்' என்று அனுப்பினேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் டாக்சியில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். தொப்பி, முதுகில் தட்டுகள் அடுக்கிய பை. கூடவே புது லோன்ஜியில் ஊ தெய்ன் அவுங். திடலில் முந்நூறு பேர். மிஸ் லின்னின் முகம் மலர்ந்துவிட்டது.

"இத்தனை வீரர்களா?"

"ஆமாம்," என்றேன்.

அவள் வரிசையைப் பார்த்தாள். ஆட்டக்காரர்கள் முறை வைத்து ஒழுங்காக நிற்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, தூரத்தில் நின்றபடி பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். நான் "வேண்" என்று தொடங்கி "டாம்" என்று முடிப்பதற்குள் எறிந்துவிட்டாள். அப்படி ஓர் எறி. அத்தனை தலைகளுக்கும் மேலாக மிதந்து போய், சங்கிலியில் மோதி, தபியே இலைகளோடு கூடைக்குள் இறங்கியது.

 அடி விழப் போகிறது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். டோ ம்யா ஓடிப்போய்க் கூடைக்குள் பார்த்து, "இருபத்து மூணு!" என்று கத்தினார். முந்நூறு பேரும் கைபேசியில் எழுதிக்கொண்டார்கள். நான்கைந்து பெண்கள் மிஸ் லின்னைக் கும்பிட்டார்கள். ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து ஆசீர்வாதம் கேட்டாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மிஸ் லின் என்னிடம் ஒரு தட்டை நீட்டினாள். "இப்போது நீங்கள். நான்கு வருட அனுபவம்!"

எறிந்தேன். தட்டு நேராகப் போவதுபோல் பாவனை காட்டியது. பிறகு இடது பக்கம் திரும்பி, மதிலைத் தாண்டி, சாலையில் போன பேருந்தின் கூரையில் விழுந்து, நகரத்தைப் பார்க்கப் போய்விட்டது. கூட்டம் பேருந்தின் எண்ணையும் எழுதிக்கொண்டது.

மிஸ் லின் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். மற்ற எட்டுக் கூடைகளைப் பார்த்தாள். அவற்றில் பக்தர்கள் செருப்புகளைப் போட்டிருந்தார்கள். நாற்பது வீரர்களாக வந்திருந்த செல்வியின் தம்பிகள் ஐந்து பேரும் வரிசைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கைபேசியில் மெதுவாகத் தட்டச்சு செய்து என் முன்னால் நீட்டினாள்.

'இங்கே டிஸ்க் கால்ஃப் இருக்கிறதா?'

பக்கத்தில் முதலாளி நின்றார். என் பதினோரு வருடம் நின்றது. 'ஆமாம்' என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் அவள் முகத்தில் கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது. இதே பதிலை எத்தனை ஊரில் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்லை," என்றேன்.

முப்பத்தெட்டு வயதில் முதல் 'இல்லை'. ஒன்று வந்ததும் மீதியும் வந்துவிட்டன. மைதானம் இல்லை, நாற்பது பேர் இல்லை, நான்கு வருடம் இல்லை, நான்கு நாள்தான். ஊ தெய்ன் அவுங் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. போய் டாக்சியின் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

மிஸ் லின் மறுபடியும் தட்டச்சு செய்தாள். 'எங்கள் ஊரிலும் யாருக்கும் தெரியாது. நான் பாத்திர மூடி செய்கிற கம்பெனியில் இருப்பதாகத்தான் என் அப்பா நினைக்கிறார்.' படித்துவிட்டு நிமிர்ந்தேன். இருவரும் சிரித்தோம். அழுவதற்குப் பதில் சிரித்தோம் என்பதுதான் சரி. கூடையை என்ன செய்வது என்று கேட்டேன். வரிசையைப் பார்த்து, இருக்கட்டும் என்று கையசைத்தாள். அவள் கொண்டுவந்த ஒப்பந்தத் தாள் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

மாதக் கடைசியில் கடை மூடியது. முதலாளி மாண்டலே போனார். கோயிலுக்குக் கூரை வந்தது. எனக்கு இரண்டு மாதமாக வேலை வரவில்லை. நகர மையத்தில் கியாக்டடா பகுதியில் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, நேர்முகத் தேர்வுக்குப் போகிற வழியில், தெரிந்தவர் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு தங்கக் கூடையின் வரிசையில் நின்றேன். அது இரும்பும் சங்கிலியும்தான் என்று இந்த நகரத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நோட்டை உருட்டி எறிந்தேன். கிலுங் என்றது. கண்ணை மூடி, கைகூப்பி, மனமுருகி வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் செல்வி, கையில் தபியே கொத்தோடு. அவள் வாராவாரம் வருகிறாளாம், எனக்காக.

வேலை கிடைத்தது, ஒரு மருந்துக் கடையில். அது நேர்முகத் தேர்வால்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் கூடிய இடத்தில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டி வந்தால், செல்வி இன்றைக்கும் இப்படித்தான் சொல்கிறாள்.

"எங்க வீட்டுக்காரரு. ஒரு கடையை மூடி, ஒரு சாமியத் தெறந்தவரு. வெளிய கிண்டல் பண்ணுவாரு, உள்ளுக்குள்ள பயங்கர பக்தி."