இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் முழங்காலும் அண்ணனின் இரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். இருவரில் ஒருவர் அவ்வப்போது ஒளிர்கிறார், அவ்வளவுதான்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, ஃப்ரீசரைத் திறந்து, பட்டாணிப் பொட்டலத்தை நகர்த்தி, அதன் பின்னால் கிடந்த மூன்று ஒளிக்குச்சிகள் இன்னும் எரிகின்றனவா என்று பார்த்தது. மங்கலாக எரிந்தன. இரண்டு சிவப்பு, ஒன்று பச்சை. குளிரில் வைத்தால் மெதுவாக எரிந்து நாள்கணக்கில் வரும் என்று உங்கள் தம்பி எங்கோ படித்திருக்கிறார். மூடிவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உங்களுக்கு எழுதிவிடுவது என்று தோன்றியது. ஏனென்றால் அந்தக் கையில்லாத, பதினான்கு பை வைத்த வெஸ்ட்டை வாங்கி அனுப்பியவர் நீங்கள். "தம்பி ஆசையாக் கேட்டான், அனுப்பிட்டேன். எப்படி இருக்குன்னு ஒரு வரி எழுதும்மா" என்றீர்கள். ஒரு வரியில் அடங்கவில்லை, மன்னியுங்கள்.

உங்கள் தம்பி சேர்ந்திருக்கும் தன்னார்வ மீட்புக் குழுவைப் பற்றி அவரே சொல்லியிருப்பார். கட்டடம் இடிந்தால், வெள்ளம் புகுந்தால், உள்ளே போய் ஆட்களைத் தேடுவது வேலை. மின்சாரம் இல்லாத இடத்தில் இந்தக் குச்சிகளால்தான் குறி வைக்கிறார்கள். பேனாவைவிடச் சற்றுத் தடிமன். மடக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய் டக்கென்று உடைந்து எரியத் தொடங்கும். தொடங்கினால் தொடங்கியதுதான், அணைக்க வழி கிடையாது. ஓர் அறையைத் தேடி முடித்து, உள்ளே யாரும் இல்லை என்றால் வாசலில் பச்சை. அடிபட்டவர் கிடக்கிறார், தூக்க வாருங்கள் என்றால் சிவப்பு. இவ்வளவுதான் சட்டம். உங்கள் தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இது உங்களுக்குத் தெரியாததல்ல. நாங்கள் முதன்முதலில் சந்தித்த அன்று "இந்தப் பச்சை உங்களுக்கு நல்லா இருக்கு" என்று அவர் சொன்னபோது நான் சிவப்பு உடுத்தியிருந்தேன். கூச்சத்தில் உளறுகிறார் என்று எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பத்தொன்பது வருஷமாகிவிட்டது, அதைக் குற்றமாக இப்போது சொல்லவில்லை. ஆனால் இவர் இதைக் குழுவிலும் சொல்லவில்லை. உங்களைப் போலவே ஜன்னலைப் பார்த்துவிட்டார்.

வெஸ்ட் வந்த முதல் வாரம் பன்னிரண்டு குச்சிகளையும் இடுப்புப் பை ஒன்றிலேயே திணித்துக்கொண்டு பேருந்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார், உட்கார்ந்ததும் டக் டக் டக்கென்று ஐந்து உடைந்திருக்கிறது, நடத்துநர் வந்து "சார், உங்க வயித்துல என்னமோ எரியுது" என்று சொல்ல, இவர் "தெரியும், பரவாயில்ல" என்று சொல்ல, பக்கத்து இருக்கை காலியாகிவிட்டது, அப்படியே அலுவலகம் போய் யாரிடமோ ஒரு கோட் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாராம், மேலாளர் மட்டும் அடிக்கடி அவர் வயிற்றைப் பார்த்தாராம். மறுவாரம் ஷூ கயிற்றில் கோத்துத் தோளில் தொங்கவிட்டார். கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, இழுத்த இழுப்பில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் என் தலைமுடி ரப்பர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அதற்குப் பிறகுதான் நான் தலையிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக நோயாளிகளின் பதிவேடுகளை அடுக்குகிறேன். ஒரு கோப்பும் தொலைந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் வருவதற்காகச் சொல்கிறேன். வெஸ்ட்டைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியின் முதுகில் மாட்டி, எதிரே உட்கார்ந்து, பட்டை எலாஸ்டிக் வாங்கி, ஒரு குச்சிக்கு ஒரு வளையம் வீதம் தைத்தேன். குனிந்தால் மடங்காத மாதிரி நெஞ்சுப் பகுதியில், நெட்டுக்குத்தாக, உருவ ஒரு விரல் போதும் என்கிற அளவுக்கு. இடப்பக்கம் ஆறு பச்சை, வலப்பக்கம் ஆறு சிவப்பு. "நிறத்தப் பாக்கவே வேணாம். ஆள் இல்லன்னா இடது, ஆள் இருந்தா வலது" என்றேன். உங்கள் தம்பி வெஸ்ட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். "நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றார். இந்த மாதிரி வசனத்தை அவர் கடைசியாகச் சொன்னது வருமான வரிப் படிவத்தின்போது.

நேற்றுப் பயிற்சி. மூடிக்கிடக்கும் ஒரு பழைய தொலைபேசி அலுவலகம். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்ததால் காலை பத்து மணிக்கே உள்ளே கும்மிருட்டு. அடிபட்டவராக நடிக்க வேண்டிய ஆள் வராததால் வேடிக்கை பார்க்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி. கழுத்தில் எப்போதும் ஊதல் ஒன்று தொங்குவதால் எல்லோருக்கும் அவர் 'விசில்'. "மேடம், உங்களுக்குக் கால் முறிஞ்சிருக்கு, அரை மயக்கம். ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது" என்று சொல்லி, மூன்றாவது மாடியில் ஏழு அறைகளில் கடைசி அறையில் என்னைத் தரையில் படுக்க வைத்துவிட்டுப் போனார்.

தேடி வந்தவர் உங்கள் தம்பிதான். டார்ச் இல்லாமல் தடவித் தேடுவதுதான் பயிற்சி என்பதால் நான் யாரென்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் மண்டியிட்டு, நெற்றியில் கை வைத்து, "பயப்படாதீங்கம்மா. நான் வந்துட்டேன். தண்ணி இப்பக் குடிக்க வேணாம். கையப் பிடிச்சுக்கோங்க, வலிச்சா அழுத்துங்க" என்றார். அண்ணி, அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. அழுத்தினேன். "நல்லது, தெம்பா இருக்கீங்க. ரெண்டே நிமிஷம், தூக்க வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து, வாசலில் ஒரு குச்சியை உடைத்துத் தொங்கவிட்டுப் போனார்.

பச்சை.

தரையில் கிடந்தபடி அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நாற்காலியில் மாட்டிய வெஸ்ட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் இடது, அவருடைய வலது. அவர் சரியான பக்கத்திலிருந்துதான் எடுத்தார், நான்தான் தப்பான பக்கத்தில் தைத்திருக்கிறேன். காலியாகக் கிடந்த ஆறு அறைகளிலும் சிவப்பைத் தொங்கவிட்டிருந்தார். மாடிப்படி முனையில் கயிற்றைப் பிடித்து நின்ற அவருடைய ஜோடி, முடிதிருத்தும் கடைக்காரர், "ஆறு பேரு! ஆறு பேருக்கு அடி!" என்று அலறுவது கேட்டது. இரண்டு ஸ்ட்ரெச்சரும் எட்டு ஆட்களும் என் வாசலைத் தாண்டி ஓடினார்கள், திரும்பினார்கள், மறுபடி ஓடினார்கள். "உள்ள பூனை கூட இல்லய்யா!" என்று ஒருவர் கத்தினார். என் அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பச்சை எரிகிறதே. நானும் விதியை மதித்து வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நாற்பது நிமிடம். 'உள்ளே யாரும் இல்லை' என்று வாசலில் எழுதி ஒட்டிய அறையில் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், ரொம்பப் புதிதாக இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் ஓடி வந்தவரும் உங்கள் தம்பிதான். டார்ச்சை என் முகத்தில் அடித்து, "நீயா!" என்றார். பிறகு, "இன்னுமா உன்னத் தூக்கல?" என்றார்.

கீழே வந்ததும் விசில் இரண்டு குச்சிகளை உடைத்துக் கைக்கு ஒன்றாகப் பிடித்து, "இதுல எது சிவப்பு, சொல்லுங்க" என்றார். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அண்ணி, அன்று நீங்கள் ஏன் பார்த்தீர்கள் என்று இப்போது புரிகிறது. "இடது கையில இருக்கறது" என்றார். தப்பு. விசில் கோபப்படவில்லை. "தேடறதுல உங்கள மாதிரி ஆள் இந்தக் குழுவுல கிடையாது சார். ஆனா குறி வைக்கக் கூடவே உள்ள ஒருத்தர் வரணும். அடுத்த ஞாயிறு அந்த ஜோடியோட வாங்க. இல்லன்னா, மன்னிக்கணும், வேணாம்" என்றார். முடிதிருத்தும் கடைக்காரர் உடனே, "ஞாயித்துக்கெழமதான் சார் எனக்குக் கூட்டம் ஜாஸ்தி" என்றார். இத்தனை ஞாயிறுகளும் கூட்டம் எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "நான்தான் கைய மாத்திட்டேன். நீ எவ்வளவு அழகா அடுக்கிக் குடுத்த" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பதினாறு வருஷத்தில் ஒரு கோப்பும் தொலையவில்லை, தொலைத்தது என்னை நானேதான் என்று எப்படிச் சொல்வது? வந்ததும் வெஸ்ட்டை அதே நாற்காலியில் மாட்டிவிட்டுப் படுத்தவர், மணி எட்டாகியும் எழுந்திருக்கவில்லை.

ஆகையால் அண்ணி, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு போன் செய்து, "போதும்டா, வயசாகுது, விட்டுடு" என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். அவர்களாக அனுப்பிவிட்டார்கள் என்பதைவிட அக்கா சொன்னதால் விட்டேன் என்பது அவருக்குக் கௌரவம். வெஸ்ட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அண்ணன் தோட்டக் கத்தரியை வைத்துக்கொள்ளலாம், பை நிறைய இருக்கிறது.

பெரியவர்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம், சின்னவர்களுக்கு அன்பு. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: இதை மடித்து உறையில் போடும் முன் ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். என் வாசலில் தொங்கிய பச்சைக் குச்சி இன்னும் எரிகிறது. போன் செய்ய வேண்டாம் அண்ணி. குழுவின் விண்ணப்பப் படிவம் நேற்றிலிருந்து என் கைப்பையில் இருக்கிறது. இப்போது நிரப்பிவிட்டேன். தேடுபவர்: அவர். குறி வைப்பவர்: நான். தைத்தது யார் தவறு என்பதையும் அவரிடம் சொல்லிவிடுவேன், அநேகமாகச் சனிக்கிழமை. அதுவரை அவருக்கும் தெரியாது, விசிலுக்கும் தெரியாது. இந்த நிமிஷம் வரை எனக்கே சரியாகத் தெரியாது. நீங்கள் இன்னொரு வெஸ்ட் அனுப்ப வேண்டும். நடுத்தர அளவு போதும், இந்த முறை நாற்காலிக்கு மாட்டாமல் எனக்கே மாட்டிக்கொண்டு தைப்பேன். சிவப்பாக இருந்தால் நல்லது. அவர் பச்சை நன்றாக இருக்கிறது என்பார்.