கொண்டை போன ரோமாபுரி ராணி

அன்றைய வேலை ஒன்றே ஒன்றுதான். பாண்டிச்சேரிக்குப் போய், ஒரு பொம்பளையின் பெயரைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

"எவ அவ?" என்றாள் என் மனைவி செல்வி.

ரோமாபுரி ராணி. வெண்கலக் காசில் இருப்பவள். சுனாமிக்கு அடுத்த வருஷம், கோட்டக்குப்பம் பழைய சாமான் கடை பாயிடம் கெஞ்சி வாங்கியது. சுண்டுவிரல் நகமளவு முகம். அதைவிடப் பெரிய கொண்டை!

உப்பளத்தில் ராத்திரி வாட்ச்மேன் நான். பேச்சுத்துணைக்கு உப்புக்காற்றும் அவளும்தான். பெயர் தெரியாமல் எத்தனை நாள் "ஏம்மா, ஏம்மா" என்று கூப்பிடுவது?

"கட்டுனவ கொண்டை போட்டிருக்காளா, மொட்டை அடிச்சிருக்காளான்னு ஒரு நாள் பாத்ததில்ல. செத்துப்போனவ கொண்டைய மட்டும் டார்ச் அடிச்சிப் பாக்குற!"

நியாயம்தான். பஸ் ஏறிவிட்டேன்.

கையில் ஊறுகாய் பாட்டில். உள்ளே கல்லுப்பு, நடுவில் ராணி. மழைக்காலம் முழுக்க அப்படித்தான் பத்திரப்படுத்தியிருந்தேன். சொந்த யோசனை! உப்பில் போட்டால் மீனே கெடாது, மாங்காயே கெடாது, ராணி கெடுவாளா?

லைப்ரரியில் காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் படித்தவன்தான். 'பாதுகாக்கும் முறை' பக்கத்தை மட்டும் எனக்கு முன்னால் கரையான் படித்துவிட்டது.

பாண்டிச்சேரி காலேஜில் சரித்திர புரொபசர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

"ரோம ராணிங்கள கொண்டைய வெச்சே யாருன்னு சொல்லிடலாங்க. எடுங்க பாப்போம்."

பாட்டிலைக் கவிழ்த்தேன். முதலில் ஈர உப்பு. அப்புறம் பச்சைப் பவுடர். கடைசியாக, கடித்துத் துப்பின முறுக்கு மாதிரி ஒன்று.

லென்ஸ் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"கொண்டை எங்கங்க?"

"இருந்துச்சி சார்! பெருசு!"

"வெண்கலத்த உப்பு தின்னுடும்ங்க. யாரு இத உப்புல போட்டது?"

"வீட்ல சார்..." என்றேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்தி, பாண்டி சரக்கு தேடிக்கொண்டு போலீஸ் ஏறியது.

"பாட்டில்ல என்னய்யா?"

"ரோமாபுரி ராணி சார்."

"எறங்கு. ஊது."

ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது.

"குடிக்காமயே இப்டியா?" என்று பரிதாபப்பட்டு அனுப்பிவிட்டார்.

வீட்டில் செல்வி கேட்டாள். "பேரு தெரிஞ்சிதா?"

"இல்ல. இருந்த கொண்டையும் போச்சி."

சிரிக்கவில்லை அவள். சோறு போடத் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தேன். கனகாம்பரம் வைத்து, அம்சமான கொண்டை. இத்தனை வருஷமாக இங்கேயேதான் இருந்திருக்கிறது! புரொபசரிடம் அவள்மேல் பழி போட்டது வேறு உறுத்தியது.

"செல்வி, உன் கொண்டை நல்லாருக்குது."

கரண்டியோடு கிட்டே வந்தாள்.

"எங்க, ஊது!"

அன்றைக்கு இரண்டாவது தடவையாக ஊதினேன்.