ஔலியாவையும் எருமைகளையும் உறங்கவைத்தவர்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். பத்திரிகையில் எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எழுபதுகளின் கடைசியில் சாய்ந்தமருதில் வீட்டுக்குள் வளர்ந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள்: எங்கள் ஊர் ஆகாயம் முழுவதும் அப்போது, எல்லாரும் அண்ணன் முறை வைத்து அழைத்த ஸ்பீக்கர் காக்கா ஒருவருக்கே சொந்தம்.

கலியாண வீட்டுத் தென்னையில் ஒலிபெருக்கியைக் கட்டி, கார் பெட்டரியில் கம்பியைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் போல "ஹலோ, ஹலோ" என்று அவர் சொல்ல மாட்டார். உயிரும் மெய்யும் ஆய்தமும் ஒன்று விடாமல் வரும் ஒரு வாக்கியத்தை அவரே கட்டி வைத்திருந்தார். ஓர் எழுத்து கரகரத்தாலும் மரத்தில் ஏறி ஒலிபெருக்கியைத் திருப்பிவைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவார்.

"ஓம், இங்கே ஆற்றோரம் ஐந்தாறு எருமைகளும் ஒரு ஏழை ஔலியாவும் உறங்க, ஈச்சமர ஊஞ்சலில் அஃதென்ன ஆடுது, பெண்ணோ தும்பியோ?"

வெயில் சாயும் நேரத்தில் அது கடற்காற்றோடு மிதந்து வரும். நெல் அவிக்கும் கைகள் அப்படியே நின்றுவிடும். எங்கள் அடுப்படிக்குள்ளேயே எனக்கு அந்த ஆறு தெரியும். எருமைகளும் இறைநேசரான அந்த ஔலியாவும் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். சோறு கரிந்து உம்மாவிடம் ஏச்சு வாங்கியதும் உண்டு. அவர் முகத்தை மட்டும் நான் கண்டதில்லை.

"காக்கா, ஈச்சமரத்தில ஊஞ்சல் கட்டினா முள்ளுக் குத்தாதா?" என்று ஒருவன் நக்கலாகக் கேட்டானாம்.

"குத்தும் மனே. ஆனா 'ஈ' வேணுமே."

ஒரு தேர்தல் கூட்டத்தில் வேட்பாளர் மாலையோடு மேடையில் காத்திருக்க, 'ழ' தெளிவாக விழவில்லை என்று இவர் மரம் ஏறி ஏறி இறங்கினார். கடைசியில் 'ழ' விழுந்ததும் சனங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேட்பாளர் மேடையில் தனியே நின்றார்.

அப்புறம் என் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊர்தான். ஆனால் அவருடைய பெரிய மாமா பொத்துவிலிலிருந்து வந்தவர். இந்த வாக்கியத்தை அன்றுவரை கேட்டிராதவர். மாப்பிள்ளைக்கு முந்தியே முன்னேற்பாடுகளைப் பார்க்க வந்தவர், அது காதில் விழுந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஔலியாவ எருமையோட படுக்கவைக்கிறது ஆரு? ஊஞ்சல் ஆடுற பொம்புளையக்கூட விடுவன். ஔலியாவ எடுங்க. எடுக்காட்டி மாப்பிள்ளைய வழியிலயே திருப்புவன்."

வாப்பா தென்னையடிக்கு ஓடினார். மைக் திறந்தே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மணப்பெண்ணாக அறைக்குள் குனிந்திருந்த எனக்கும், ஊருக்கும், கடலுக்கும் எல்லாம் கேட்டது.

"காக்கா, ஹலோ ஹலோ எண்டு சொல்லி முடிங்களன்."

"ஹலோவில எத்தின எழுத்து இரிக்கி, தம்பி?"

"அப்ப அந்த ஔலியாவ மட்டும் எடுங்க."

"அவர எடுத்தா 'ஔ' போயிரும். வேற சொல்லு எனக்குத் தெரியா."

"என்ட புள்ளட கலியாணம் போயிரும், காக்கா."

வாப்பாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. 

"சரி. புள்ளைக்காக," என்றார் ஸ்பீக்கர் காக்கா.

தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "ஓம், இங்கே ஆற்றோரம் ஐந்தாறு எருமைகளும் ஒரு ஏழை..."

நிறுத்தினார். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

அடுத்த வளவு வேலிக்குப் பின்னால் ஒரு பெண் குரல் மெல்ல, "ஔலியாவும்" என்றது. உடனே கிணற்றடியிலிருந்து ஒன்று, ஒழுங்கை வழியே போனவர்களிடமிருந்து பத்து, எனக்குத் தலை சீவிக்கொண்டிருந்த ராத்தாவும். காலையிலிருந்து வாய் திறக்காத நானும் சொன்னேன்.

"உறங்க," என்று காக்கா அமைதியாகத் தொடர்ந்தார்.

அதற்குள் மாப்பிள்ளையின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. காருக்குள்ளேயிருந்தும் அதே சொல் கேட்டதாம்.

"நீ என்னடா சொன்ன?" என்றார் மாமா.

"வாயில தானா வந்திட்டு மாமா."

மாமா கொஞ்சநேரம் தென்னையை அண்ணாந்து பார்த்தார். "ஊரே சொன்னா நான் ஆரோட சண்டை பிடிக்கிற? சர்பத் இரிந்தாக் கொண்டுவாங்க," என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். நிக்காஹ் நடந்தது.

வாப்பா எனக்கு வீடும் வயலும் தந்தார். ஆனால் என் பெயரைக்கூட அறியாத ஒரு மனிதர் எனக்காக ஓர் எழுத்தை விட்டுக்கொடுத்தார். சீதனம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

மறுநாள் மழை. ஒலிபெருக்கியைக் கழற்ற வந்தவரை ஜன்னலால் பார்த்தேன். குள்ளமான மனிதர். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி நற்பிட்டிமுனைப் பக்கம் போனார்.