தியாகி துளுக்காணத்துக்கு நான் வைத்த முகம்

இறந்தவர்களுக்குக் கோட்டு மாட்டுவதில் நான் கெட்டிக்காரி. புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு பிளெக்ஸ் கடையில் ஆறு வருடம் டிசைனராக இருந்தேன். ஆதார் அட்டைப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், ஆயுசு முழுக்க லுங்கியைத் தாண்டாதவரையும் கோட்டு, டை, பின்னால் நீலத் திரை என்று பெரிய மனிதராக்கி அனுப்பிவிடுவேன். வீட்டார் பார்த்துவிட்டு அழுவார்கள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வேன். (தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான்.)

அந்தக் காலத்தில்தான் தேவராஜ் அண்ணன் கடைக்கு வந்தார். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தின் செயலாளரும் அவர்தான். வரும்போதே கொதித்துக்கொண்டிருந்தார். காரணம், ஆலை கேன்டீனில் நடந்த பேச்சு. தெற்கத்திக்காரர்கள் தங்கள் பாளையக்காரரின் வீரத்தை அளந்திருக்கிறார்கள். ஆந்திராக்காரர் காட்டுக்குள் வெள்ளைக்காரனை எதிர்த்த தங்கள் ஆளைச் சொல்லியிருக்கிறார். ஒடிசாக்காரர் செல்போனில் ஒரு சிலையையே காட்டிவிட்டாராம். கடைசியில் எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "உங்க பக்கம் யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"உங்க பக்கம் ஆலை சிம்னிதானேன்னு ஒருத்தன் சிரிக்கிறாம்மா. எனக்குச் சோறே எறங்கல" என்றார்.

எங்களுக்கும் ஒருவர் இருந்தார். தியாகி துளுக்காணம், பண்ணைக் கூலி. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் பாதையோரம் தந்திக் கம்பியை அறுத்து ஜெயிலுக்குப் போனவர், உயிரோடு திரும்பி வரவில்லை. அவர் பெயரில் ஒரு சந்துகூடக் கிடையாது. ஆகஸ்ட் பதினைந்தன்று அவர் படத்தைக் கூட்டுரோட்டில் திறந்துவைத்து, பிறகு அதையே நிரந்தரப் பலகை ஆக்குவது என்று மன்றம் முடிவு செய்திருந்தது.

"போட்டோ குடுங்கண்ணே."

"அதான் இல்லியே செல்வி. அவரு பொண்ணு கன்னியம்மா கீறாங்க, எண்பது வயசுக்கு மேல. அவங்க வயித்துல இருக்க சொல்லோ அவரு ஜெயிலுக்குப் பூட்டாரு. அவங்களே அப்பா மூஞ்சியைப் பார்த்ததில்ல. அவங்கதான் படத்தைத் தொறக்கப் போறாங்க. நீ எதுனா நல்லதா பண்ணு. ஆனா கீழ 'கற்பனைப் படம்'னு ஒரு வரி போட்டுடு, மறந்துடாத."

பெற்ற அப்பாவின் முகத்தையே பார்க்காத ஒரு மகளைப் பற்றி ஒருவர் சொல்கிறார். கேட்டதும் எனக்கு வந்தது வருத்தம் அல்ல, நிம்மதி. அப்பாடா, தப்புக் கண்டுபிடிக்க ஆளே இல்லை!

முதலில் ஏஐயிடம் கேட்டேன். கூலித் தொழிலாளி, விடுதலை வீரர் என்று விவரமாகத்தான் கேட்டேன். ஜிம்முக்குப் போகிற ஒரு மகாராஜாவைக் கொடுத்தது, கையில் ஆறு விரலோடு. திரும்பக் கேட்டதில் விரல் சரியானது, மீசை தோள்வரை போய்விட்டது. அலுத்துப்போய்க் கணினியைத் துழாவியபோது நைனாவின் பாஸ்போர்ட் சைஸ் படம் கண்ணில் பட்டது. (எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) ஆலை அடையாள அட்டைக்காக எடுத்தது. அன்றைக்கு லீவு கொடுக்காத சூப்பர்வைசர் மேல் இருந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். வெள்ளைக்காரன் மேல் கோபம் என்றால் யாரும் நம்புவார்கள்.

தலைப்பாகை கட்டினேன். மீசையைத் தடிப்பாக்கினேன், கன்னத்தை ஒடுக்கினேன். பத்தடி உயரத்தில் தியாகி தயார். 'கற்பனைப் படம்' என்ற வரியையும் போடத்தான் செய்தேன். அது அடியில் வைத்திருந்த தேசியக் கொடியின் பச்சைப் பட்டையில் இடித்துக்கொண்டு அசிங்கமாக நின்றது. டிசைன் கெடுகிறதே என்று எடுத்துவிட்டேன்.

விழாவுக்கு நல்ல கூட்டம். கேன்டீன் ஆட்கள் அத்தனை பேரையும் தேவராஜ் அண்ணன் விடாமல் அழைத்து வந்திருந்தார். கன்னியம்மா கயிற்றை இழுத்தார், துணி விழுந்தது. பேனர் அருகில் போய் அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் தாடையைத் தடவிக்கொண்டார்.

"என் தாடை" என்றார். "இது யாரு ஜாடைன்னு எங்கம்மாவைக் கேட்டுக்கினே இருப்பேன். அப்பாதுதான்."

அண்ணன் மைக்கை அவர் வாயருகே பிடித்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் அழுதார்கள். ஒடிசாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழவைத்துவிட்டோம் என்ற பெருமை எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்த ஆலை பஸ் கூட்டுரோட்டில் வந்து நின்றது. டிபன் பையோடு இறங்கியவர் என் நைனா. முப்பது வருடம் ரோலிங் மில் சத்தத்தில் வேலை பார்த்தவருக்கு மெதுவாகப் பேச வராது.

"செல்வி! இன்னாடி இது, எம்மூஞ்சிக்கு முண்டாசு கட்டி மாலை போட்டு வெச்சிக்கிற? நான் உசுரோடதானே கீறேன்!"

கூட்டம் பேனரைப் பார்த்தது, நைனாவைப் பார்த்தது. தூக்கக் கலக்கத்தில் நைனாவும் அதே கோபத்தோடுதான் நின்றார். சந்தேகத்துக்கே இடமில்லை.

"அந்த வரி எங்கம்மா?" என்றார் தேவராஜ் அண்ணன்.

"டிசைன்ல இடிச்சுதுண்ணே."

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நானே கன்னியம்மாவிடம் போனேன். "மன்னிச்சிடும்மா. இது எங்க நைனா படம். உங்கப்பா மூஞ்சி யாருக்கும் தெரியாது. தப்பு என்னுதுதான்."

அவர் நைனாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஒரு நிமிசந்தான். ஆனா அப்பாவைப் பார்த்துட்டேன்னு இருந்தேன்" என்றார்.

அத்தனை பேர் முன்னால் நின்று அழுதேன். எத்தனையோ வீட்டாரை அழவைத்தவளுக்கு அன்றுதான் அழுகை என்றால் என்னவென்று தெரிந்தது.

"அழுதா இன்னா ஆவப்போவுது?" என்று அதட்டினார் கன்னியம்மா. "ஒங்க நைனாவைக் கீழ எறக்கு. என்னை ஒரு போட்டோ புடி. எம்மூஞ்சியில பாதியாவது எங்கப்பாவுதுதானே, அதைப் போடு. முண்டாசு கிண்டாசு கட்டினே, தெரியும் சேதி!"

கூட்டுரோட்டில் இன்று நிற்பது அந்தப் பலகைதான். மேலே 'தியாகி துளுக்காணம்' என்று பெயர், கீழே கன்னியம்மாவின் முகம். 'தியாகியின் படம் கிடைக்கவில்லை. இவர் அவருடைய மகள்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். சுருக்கம் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை.

நைனாவை வீட்டில் அதன் பிறகு யாரும் பெயர் சொல்லிப் பேசியதாக நினைவில்லை. அம்மா காலையில், "தியாகி, தண்ணி லாரி வந்துச்சி, கொடத்தை எடு" என்றுதான் எழுப்புகிறார். நைனாவும் எழுந்து போகிறார். ஆனால் நான் செல்போனைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும், கல்யாண வீடாக இருந்தாலும் சரி, சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார்.

"இன்னாடி, இந்தத் தபா நான் எந்த ஜெயில்ல சாவணும்?"