இண்டைக்கு விளையாட ஏலாது

விளையாட்டுக் கழகம் என்றால் விளையாட ஆள் சேர்ப்பார்கள். வந்தவர்களை வாசலிலேயே மறித்து, விளையாட விடாமல் திருப்பி அனுப்புவதற்கென்றே ஓர் ஆளை வைத்திருந்த கழகம், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் எங்களுடையது ஒன்றுதான். அந்த ஆள் புல்லண்ணை.

தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. அதை இப்போது ஓய்வூதியக் கந்தோர் மட்டும்தான் பாவிக்கிறது. ஊரில் உள்ள நாலு தமிழ்க் குடும்பங்களும் புல்லண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, ஜேர்மன்காரர்களும் அதுதான் குடும்பப் பெயராக்கும் என்று நினைத்து 'ஹெர் புல்லண்ணை' என்று மரியாதையாக அழைத்தார்கள். அவரும் திருத்தவில்லை.

பீலெஃபெல்ட் நகரிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம் எங்கள் ஊர். முன்பு இங்கே பிரித்தானியப் பட்டாளம் முகாமிட்டிருந்தது. பொழுது போகாத அதிகாரிகள் சதுரமாகப் புல் வளர்த்து அதில் பந்து உருட்டினார்கள். குட்டி வெள்ளைப் பந்து ஒன்றை முன்னால் உருட்டிவிட்டு, பெரிய பந்துகளை அதற்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் பெரிய பந்து எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். நேரே விட்டால் நேரே போகாது. விண்ணப்பப் படிவங்களோடு பழகிய எங்கள் சனத்துக்கு இது புதிதில்லை.

பட்டாளம் போனபோது புல்லையும் பந்துகளையும் ஒரு மரக் கொட்டிலையும் விட்டுப் போனது. ஊரார் கழகம் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரி ஹெல்கா தலைவி. கையெழுத்து வடிவாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக நான் செயலாளர். புல்லைப் பார்க்க யார் என்றபோது, தளபாடத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பலகை அறுத்து ஓய்வு பெற்றிருந்த புல்லண்ணை கையைத் தூக்கினார். அன்றோடு எங்கள் விளையாட்டுக்குப் பிடித்தது சனி.

வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டார். அதில் தினம் ஒரு காரணம். இன்று பனி ஈரம். இன்று வெயில் கூடிவிட்டது. இன்று வெட்டியாயிற்று, ஆறட்டும். நாளை வெட்ட வேண்டும், குழப்பாதீர்கள். ஒரு நாள் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. இன்றைக்கு அகப்பட்டார் என்று பந்தோடு போனேன்.

"இண்டைக்கு விளையாட ஏலாது பிள்ளை."

"ஏன் அண்ணை?"

"புல்லு களைச்சுப் போச்சு."

தப்பித் தவறி அனுமதி கிடைத்தாலும் சப்பாத்துச் சோதனை உண்டு. காலைத் தூக்கிக் கையில் பிடித்து, அடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஊர் மேயர் ஒருமுறை வாழ்த்துரை வழங்க வந்தார். அவருடைய சப்பாத்தும் தேறவில்லை. மனிதர் காலுறையோடு புல்லின் நடுவில் நின்று விளையாட்டின் மேன்மை பற்றிப் பேசினார். இடது பெருவிரல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கைதட்டல் பலமாக இருந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை.

பிறகு ஒரு அகழெலி வந்தது. காலையில் பார்த்தால் பச்சைச் சதுரத்தின் நடுவே ஒரு மண்மேடு. அகழெலியைத் தொடக்கூட முடியாது, இந்த நாட்டில் அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற பிராணி என்று ஹெல்கா விளக்கினார். புல்லண்ணை மேட்டின் முன்னால் குந்தியிருந்து வளைக்குள்ளே பேசினார்.

"நீ எப்ப வந்தனி? அன்ட்ராக் படிவம் நிரப்பிப் போட்டனியோ? எனக்கு இந்த நாட்டில இருக்கப் பேப்பர் தர இவங்களுக்குப் பதினொரு வருசம் எடுத்தது. உனக்குப் பிறந்த உடனயே குடுத்திட்டாங்கள். குடுத்து வைச்சனி! அதுக்காக இஞ்சயோ வந்து வீடு கட்டுறது?"

நாலாம் நாள் அது பக்கத்துக் காணிக்குக் குடிபெயர்ந்தது. அதற்கும் பேச்சுத் தாங்கவில்லை போலும்.

நாங்கள் தாங்கினோமா? முப்பது பேராக இருந்த கழகம் பதினொன்றாகச் சுருங்கியது. அவரை மாற்றலாமென்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 'அப்போ காலை ஆறு மணிக்கு வந்து தண்ணீர் விடுவது நீங்களா?' என்று ஹெல்கா கேட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்போதுதான் ஊர்ச்சபையிலிருந்து கடிதம் வந்தது. நிலத்தின் குத்தகை முடிகிறது, தீயணைப்புப் படைக்கு வாகனத் தரிப்பிடம் வேண்டும், கழகம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வருவார். ஹெல்கா கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். புல்லண்ணை மட்டும் சிரித்தார்.

"வரட்டும் பிள்ளை. இப்படி ஒரு புல்லை அவை கண்ணால கண்டிருக்க மாட்டினம்."

இரண்டு கிழமை ஒருவரையும் கிட்ட விடவில்லை. ஓரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டினார். அதிகாரி இளம் பெண். வந்து பார்த்து, அற்புதம் என்றாள். புல்லண்ணையின் நெஞ்சு நிமிர்ந்தது. அவள் குனிந்து புல்லைத் தடவினாள். பந்துகளைப் பார்த்தாள். என்னுடைய பதிவுக் கொப்பியைத் திறந்தாள். கடைசியாக விளையாடியது ஏழு மாதத்துக்கு முன்பு.

"இங்கே யாரும் நடந்த அடையாளமே இல்லையே," என்றாள். "அடுத்த சனிக்கிழமை மறுபடி வருகிறேன். அன்றும் இப்படியே இருந்தால் தரிப்பிடம் என்றுதான் எழுதுவேன்."

அவள் போன பிறகு புல்லண்ணை கொட்டில் படியில் இருந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை நாளும் அவர்மேல் எனக்கிருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. புல் போனால் கழகம் போகும், நான் வேறு எதிலாவது சேர்ந்துகொள்வேன். இந்த மனிதர் காலையில் எழும்பி எங்கே போவார்?

புல்லைப் பார்த்தபடி கேட்டார். "எத்தினை பேர் மிதிச்சாக் காணும் பிள்ளை?"

அந்தக் கிழமை முழுக்க அவருடைய தொலைபேசி ஓயவில்லை. பீலெஃபெல்டில் கோயிலில் கண்டவர், தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர், யாரையும் விடவில்லை. கலியாணத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "சனிக்கிழமை கட்டாயம் குடும்பமா வாங்கோ. வந்து மிதியுங்கோ."

வந்தார்கள். சனிக்கிழமை அந்தப் புல்லில் எள் விழ இடமில்லை. ஹெல்காவின் கேக், எங்கள் வடை, பாதிப் பேருக்கு விளையாட்டே தெரியாது. புல்லண்ணை வேலிப் பக்கம் திரும்பி, புல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இப்ப என்ன நடக்குது பிள்ளை?"

"எல்லாரும் மெதுவாத்தான் நடக்கினம் அண்ணை."

அந்த நேரம் பார்த்து ஒருவர் பந்தைக் கிரிக்கெட் என்று நினைத்து மேலே எறிந்தார். தொம்மென்று விழுந்தது.

"அது என்ன சத்தம்?"

"ஆரோ கதவைச் சாத்தினவை அண்ணை."

"கொட்டில் கதவைச் சாத்தவே ஏலாது, பிள்ளை," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி வந்து சுற்றிப் பார்த்தாள். சிரித்தாள். ஒரு பந்தைக் கையில் எடுத்து, நானும் ஒன்று உருட்டலாமா என்று கேட்டாள். அந்தக் குரல் கேட்டுப் புல்லண்ணை திரும்பினார். எல்லோரும் அவளுடைய கால்களைத்தான் பார்த்தோம். ஊசிக் குதிச் சப்பாத்து.

ஹெல்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். புல்லண்ணை சப்பாத்துச் சோதனைக்குக் குனியப் போனார், நிமிர்ந்தார். பிறகு மெல்ல வழிவிட்டு, கையை நீட்டி, "பிட்டே" என்றார். தயவுசெய்து வாருங்கள் என்று ஜேர்மனில் அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் நடுப்புல் வரைக்கும் நடந்து போனாள். அடிக்கு ஒரு ஓட்டை.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. குத்தகை நீடிக்கப்பட்டது. கொட்டிலுக்குள் நாங்கள் துள்ளிக் குதித்தோம். புல்லண்ணையைக் காணவில்லை. தேடிப் போனால், புல்லில் முழங்காலில் நின்று, தேக்கரண்டியால் இன்னும் மூடாத அந்த ஓட்டைகளுக்கு மறுபடி மண்ணும் விதையும் இட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நிலம் எங்களுக்குத்தான்!"

"கேட்டது. நீங்கள் கத்தினது பக்கத்து ஊருக்கும் கேட்டிருக்கும்." நிமிரவில்லை. "அப்ப இனி ஒவ்வொரு கிழமையும் வருவினமோ?"

"ஓம் அண்ணை, வருவினம்."

பெரிய மூச்சொன்று விட்டார். "சரி, வரட்டும்," என்று சொல்லி அடுத்த ஓட்டைக்கு நகர்ந்தார்.

நான் கொட்டிலுக்குப் போய் இன்னொரு கரண்டி எடுத்துவந்து அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். புல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த மனிதருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.