பண்ணையார் பிணத்துக்கு ஒரு ரோஜா மாலை

நடிக்க வராதவனுக்கு ஒரு நாடகக் குழுவில் இரண்டு வேலைதான் உண்டு: திரை இழுப்பது, இல்லையென்றால் செத்துக் கிடப்பது. எனக்குத் திரையும் ஒழுங்காக இழுக்க வராது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் எங்கள் குழு வெளிநாட்டு நாடகங்களை மட்டுமே போடும். இயக்குநர் ரங்கராஜு, நூல் மில்லில் சூப்பர்வைசர். வீட்டில் தெலுங்கு, மேடையில் ஐரோப்பா. யாருக்கு எந்த வேடம் என்பதை மில் ஷிப்ட்டும் அவரவர் கடை அடைக்கும் நேரமும் தீர்மானிக்கும். அப்படித்தான் பேக்கரி குரியன் (கோட்டயத்துக்காரர், கடைசிவரை மீசையை எடுக்க மறுத்தவர்) ஒரு பண்ணையாரின் மனைவியாகவும், தையற்கடை ஷாகுல் மூத்த மகனாகவும், மில் ஆபீஸ் கிளார்க்கான நான் பண்ணையாராகவும் ஆனோம்.

பனி பெய்யும் தேசத்துக் கதை. உயில் எழுதாமல் முதல் காட்சியிலேயே பண்ணையார் மண்டையைப் போடுவார். மீதி நாடகம் முழுக்க அவரை நடுவில் கிடத்திவிட்டு வாரிசுகள் அடித்துக்கொள்வார்கள். பனிக்கு மில் கழிவுப் பஞ்சு. எனக்கு வசனத்தைவிட இருமல் அதிகம்.

இதைப்பற்றி நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எனக்குப் பெண் பார்த்து, வாய்ப்பேச்சு முடிந்து, அடுத்த வாரம் நிச்சயம் என்று இருந்தது. பெண் பெயர் கோதை. அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. சகுனம் பார்க்காமல் செருப்புக்கூட மாட்டாதவர். "நாடகத்துல என்ன வேசம் மாப்ளே?" என்று கேட்டார். "கதையே என்னைச் சுத்தித்தான் மாமா" என்றேன். (பொய் இல்லையே!)

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் நடக்கும்போதே மேடை ஏறிப் பிடித்த நடிகருக்கு மாலை போடலாம். அழுதுகொண்டிருக்கும் ராஜா அழுகையை நிறுத்தி, மாலையை வாங்கி, கும்பிடு போட்டு, விட்ட இடத்திலிருந்து அழுவார். ரங்கராஜு இதற்கு அன்று தடை போட்டிருந்தார். மதுரையில் நடக்கவிருந்த நாடக விழாவுக்குக் குழு தேர்ந்தெடுக்க ஒரு பேராசிரியர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு ஒரு பயலும் மேடையில ஏறப்படாது" என்று படிக்கட்டில் ஓர் ஆளையும் நிறுத்தியிருந்தார்.

மாமனார் வந்த பஸ் தாமதம். அவர் திடலுக்குள் நுழைந்தபோது நான் செத்து வெகு நேரமாகியிருந்தது. "எங்க மாப்பிள்ளை எங்க?" என்று யாரையோ கேட்டிருக்கிறார். "அந்தா, நடுவுல படுத்திருக்காருல்லா, அவருதான்." ஏதோ அசந்து தூங்குகிற வேடம் என்று எண்ணி மேடையைப் பார்த்து நடந்தார். காவலுக்கு நின்றவன் ஏட்டையாவைக் கண்டதும் சல்யூட் அடித்து வழிவிட்டான்.

கண்ணை மூடிக் கிடந்த எனக்கு முதலில் ரோஜா வாசனை வந்தது. அப்புறம், பழக்க தோஷத்தில் மைக் செட்டுக்காரர் குரல்: "மடவார் வளாகம் ஏட்டையா அவர்கள், தன் வருங்கால மாப்பிள்ளைக்கு இந்த ரோஜா மாலையை..."

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "ஏட்டி, இவரு என்ன, நிச்சயத்துக்கு முந்தியே மாப்பிள்ளை பொணத்துக்கு மாலை போடுதாரு?"

மாமனாரின் கை அந்தரத்தில் நின்றது. என் தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிவதையும், குரியன் கறுப்புத் துணியில் முகம் புதைத்துக் குலுங்குவதையும் அப்போதுதான் பார்த்திருக்கிறார். குனிந்து கிசுகிசுத்தார்: "மாப்ளே, செத்த எந்திரிச்சிருங்க. பொணத்துக்குப் போட்டா குடும்பத்துக்கே ஆகாது. போடாம எறங்குனா எனக்கு மரியாதை இல்ல."

மேடை ஓரத்திலிருந்து ரங்கராஜு பல்லைக் கடித்தார்: "லேவொத்துரா!" எழுந்திருக்காதேடா என்று அர்த்தம்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். மாமனாருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. இப்படியே கிடந்தால் கோதை போய்விடுவாள். எழுந்தால் மதுரை போய்விடும். மதுரையைவிடக் கோதை அழகு. எழுந்து உட்கார்ந்தேன்.

மூக்கில் பனி. ஊரே அதிரும்படி ஒரு தும்மல்.

குரியன் திரும்பிப் பார்த்தார். "எண்டெ ஈசோயே!" என்று ஏசுவை மலையாளத்தில் கூப்பிட்டு அலறிக்கொண்டு ஷாகுல்மேல் விழுந்தார். ரங்கராஜு தெலுங்கில் என் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நிஜமாகவே பன்னாட்டுக் குழுவானது அந்த நிமிடத்தில்தான். நான் கழுத்தை நீட்டி மாலையை வாங்கி, சபைக்கு ஒரு கும்பிடு போட்டு, மறுபடியும் செத்தேன். மாமனார் மாலையை என் நெஞ்சில் கசங்காமல் நீவிவிட்டு இறங்கிப் போனார்.

ஷாகுல், பாவம், சமாளித்துக்கொண்டு தன் வசனத்துக்குத் திரும்பினார்: "ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டீர்களே அப்பா!"

கூட்டத்திலிருந்து பதில் வந்தது: "ஏலே, இப்பத்தான எந்திரிச்சாரு! அப்பமே கேட்டுருக்க வேண்டியதுதான?"

பேராசிரியர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளம்பினார். மதுரையிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. ரங்கராஜு அதற்கப்புறம் என்னிடம் வாயைத் திறந்தது என் கல்யாணத்தில்தான். கோதை மாலையைத் தூக்கிய நேரம் பார்த்துப் பந்தல் ஓரத்திலிருந்து சத்தம் வந்தது: "லேவொத்துரா!"

மாமனாருக்கோ பெருமை தாங்கவில்லை. "எங்க மாப்பிள்ளை செத்தாலும் மரியாதை தவறமாட்டாரு" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் காலமாகிப் பல வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், கோதை மாவு அரைக்க அனுப்பிவிடுவாளோ என்று பயந்து நான் கண்ணை மூடிக் கிடப்பதுண்டு. அவள் வந்து தட்டி எழுப்புவதெல்லாம் இல்லை. அடுப்படியிலிருந்தே சொல்வாள்: "ஏங்க, அப்பா மாலையோட வந்து நிக்காக."

எழுந்து உட்கார்ந்து கழுத்தை நீட்டிய பிறகுதான் எனக்கு உறைக்கும்.