தங்கவேலுக்கு வலிக்காது

வலி என்ற சொல்லை வாசற்படி ஏறவிடாத ஓர் இனம் நம் நடுவே உலவுகிறது. கதவிடுக்கில் விரல் நசுங்கினால் சிரிப்பார்கள், ஊசி போட வரும் நர்சுக்கே தைரியம் சொல்வார்கள், "எங்கே வலிக்குது?" என்று டாக்டர் கேட்டால் தங்கள் வீரத்தின்மேல் யாரோ வழக்குப் போட்டதுபோல முறைப்பார்கள்.

கொரட்டூர் தங்கவேல் இதில் முதல் தரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் பிரஸ் மெஷின் ஓட்டியவர். சர்க்கரை வந்து இருபது வருஷம். சிறுநீரகம் கைவிட்டு இரண்டு வருஷம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பக்கத்துப் படுக்கை ஜெயபால் கால் எரிச்சல் என்று முனகினால் போதும்.

"எனுக்கு கால்ல ஒண்ணியும் தெரியறதில்ல மாமே. இரும்பு!"

ஒன்றும் தெரியாததுதான் வியாதி என்று அவருக்கு யார் சொல்வது?

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வேலை நர்ஸ் ஷைலாவுக்கு வந்தது. டயாலிசிஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய இடது சாக்ஸில் ஈரத்தைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, சாக்ஸக் கழட்டுறேன்."

"அத்த இன்னாத்துக்கும்மா கழட்டுற? செருப்பு கடிச்சிகீது."

கழற்றினாள். பெருவிரலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அகலத்துக்குப் புண். செருப்பைத் திருப்பினாள். அடியைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி.

"எத்தனை நாளா இதுமேல நடக்குறீங்க?"

தங்கவேல் ஆணியைப் பார்த்தார். "தெர்லயேம்மா" என்றார், சின்னக் குரலில்.

டாக்டர் செத்த சதையை வெட்டி எடுத்தார்; பாதம்வரை ரத்தம் ஓடுகிறதா என்று ஸ்கேன் பார்த்தார். "நல்லவேளை, எலும்புக்குப் போகல. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டார்: "பேபி, பெருவெரல் இல்லாங்காட்டி கால்ல செருப்பு நிக்குமா?"

"பயமா கீதுன்னு சொல்லேன்யா. வாயில இன்னா புண்ணா?"

"பயமாத்தான் கீது" என்றார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் பேபி அந்த வார்த்தையைக் கேட்டது அன்றுதான்.

பிறகு மூன்று மாதம். டயாலிசிஸ் படுக்கையிலேயே ஷைலா கட்டுப் பிரித்துக் கட்டினாள். புண்ணில் எடை விழாத தனிச் செருப்பு, நடக்கத் தடை. இரண்டாம் நாளே மனிதர் ஒற்றைக் காலில் நொண்டி டீக்கடைக்குக் கிளம்ப, பேபி தெருமுனையில் மடக்கித் திருப்பிக் கூட்டிவந்தாள். புண் மிளகளவாயிற்று, கடுகளவாயிற்று, மூடிக்கொண்டது.

இப்போது அவர் சட்டைப்பையில், உள்ளங்காலைப் பார்க்க ஒரு சின்ன முகக்கண்ணாடி. வார்டுக்குள் நுழைந்ததும், "தூக்கு மச்சான் கால, பாக்கலாம்!" என்று படுக்கை படுக்கையாக ஆய்வு. போன வாரம் ஜெயபாலின் குதிகாலில் கொப்புளம் கண்டுபிடித்து, ஏதோ மெடல் வாங்கியவர்போல ஷைலாவைக் கூப்பிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் உள்ளங்காலை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது? யோசிக்கிறீர்களா? கொஞ்சம் தூக்கித்தான் பாருங்களேன். யாரும் பார்க்கவில்லை.